மிடற்றின் வரலாறு: மாட்டுங்காவுக்கும் பரேலுக்கும் இடையே

மும்பையின் மத்திய இரயில் தடத்தில் சயான், மாட்டுங்கா, தாதர், பரேல் ஆகியவை அடுத்தடுத்த நிலையங்கள். சயானுக்கு மேற்கே தாராவி. கிழக்கே, தண்டவாளத்துக்கு மறுபுறம், தாராவி மக்கள் நோயென்றால் முதலில் செல்லும் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை. அதை மக்கள் சயான் மருத்துவமனை என்றே அழைப்பர். அங்கிருந்து மாட்டுங்கா நோக்கி வந்தால் ஏறத்தாழ 3,000 இருக்கைகள் கொண்ட சண்முகானந்தா அரங்கம். இன்னும் தெற்கே பரேலில், 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனை. மனித உடலின் ஒரு சிறு உறுப்பான குரல்வளையைப் பற்றிய அறிவு எவ்வாறு திரண்டது என்பதை விளக்க இச்சிறு நிலப்பரப்பே போதுமானது.

அவ்வறிவு இருவகை மனிதர்களைச் சார்ந்து வளர்ந்தது. ஒருவர் குரலைத் தொழிலாகக் கொண்ட பாடகர்; மற்றவர் நோயால் குரலை இழந்தவர். இருவருக்கும் இடையே, குரல் கம்மிய பின்னும் வேலைக்குப் போகும் பெருந்திரள் ஒன்று உண்டு. குரல்வளையின் வரலாற்றில் அத்திரளுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

*உந்தியிலிருந்து எழும் காற்று*

தமிழில் குரலுறுப்பைப் பற்றிய மிகப் பழைய விளக்கம் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் உள்ளது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்று இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்துகளாகிறது என்பது அதன் கொள்கை. பன்னிரண்டு உயிரெழுத்துகளும் மிடற்றில் பிறந்த காற்றால் ஒலிப்பன என்று தொல்காப்பியர் தனியே வகுக்கிறார். நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூல் இடங்களை இன்னும் நுட்பமாகப் பங்கிடுகிறது: உயிருக்கும் இடையினத்துக்கும் மிடறு, மெல்லினத்துக்கு மூக்கு, வல்லினத்துக்கு நெஞ்சு, ஆய்தத்துக்குத் தலை.

இன்றைய உடலியலோடு ஒப்பிடும்போது இவ்விளக்கத்தில் வியக்கத்தக்கது அதன் வரிசை. பேச்சின் ஆற்றல் நுரையீரலின் காற்றிலிருந்து வருகிறது. அக்காற்றைச் சீராக வெளியேற்றுவதில் விலாத் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பங்குண்டு. குரல்வளை அக்காற்றை ஒலியாக்குகிறது. தொண்டை, வாய், மூக்கு ஆகிய குழிகள் அவ்வொலியை வடிவமைக்கின்றன. ஆற்றல், ஒலிமூலம், ஒத்ததிர்வு என்று இன்றைய பாடநூல்கள் பிரிக்கும் மூன்று நிலைகளையும் பிறப்பியல் தன் சொற்களில் ஏற்கெனவே பிரித்துவிட்டது. இறந்த உடலை அறுத்துப் பார்க்காமல், பேசும் உடலைக் கவனித்தே எட்டிய அறிவு இது.

அதன் எல்லையும் தெளிவானது. வடமொழிப் பிராதிசாக்கிய நூல்கள், தொண்டை குறுகியிருக்கும்போது நாதமும், விரிந்திருக்கும்போது வெறும் மூச்சும் பிறக்கும் என்று பிரித்துக் கூறின. ஒலிப்புடை எழுத்துக்கும் ஒலிப்பிலா எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குரல்வளையில் தேடிய மிகப் பழைய முயற்சிகளுள் அது ஒன்று. தமிழுக்கு அந்தத் தேவை எழவில்லை. ககரம் ஒன்றே சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் மாறும். அவ்வேறுபாடு பொருளை மாற்றாது. ஒரு மொழியின் இலக்கணி தன் மொழிக்குத் தேவையான அளவுக்கே மிடற்றைப் பிரித்துப் பார்க்கிறார். தொல்காப்பியரும் பிறப்பியலின் முடிவில், உள்ளே சுழலும் காற்றின் அளவை ஆராய்வது வேறொரு மரபின் வேலை என ஒதுக்கிவிட்டு, வெளியே வந்து செவியில் விழும் ஒலியை மட்டுமே தாம் கூறியதாக வரையறுத்துக்கொள்கிறார்.

*பாடுவதற்கு முன்பே இருந்த கதவு*

குரல்வளை பாடுவதற்கென்று தோன்றிய உறுப்பன்று. கழுத்தின் முன்புறம், மூச்சுக்குழலின் தலைவாயிலில் அமைந்த அடைப்பிதழ் அது. அதன் சட்டகத்தில் ஒன்பது குருத்தெலும்புகள் உள்ளன. முன்னால் கையால் தொட்டு உணரக்கூடிய கேடயக் குருத்தெலும்பு, அதன் கீழ் முத்திரை மோதிரம் போன்ற வளையக் குருத்தெலும்பு, மேலே இலை வடிவிலான குரல்வளை மூடி ஆகியவை தனித்தவை. எஞ்சிய ஆறும் மூன்று இணைகள். அவற்றுள் வளையக் குருத்தெலும்பின் பின்விளிம்பில் அமர்ந்து சுழலும் ஓர் இணையே, குரல் நாண்களைத் திறக்கவும் மூடவும் செய்கிறது.

விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து முன்னகர, மூடி பின்னால் சாய்ந்து, உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லாமல் காக்கிறது. இருமும்போது நாண்கள் இறுக மூடி, உள்ளே அழுத்தம் சேர்ந்தபின் திடீரெனத் திறக்கின்றன. பாரம் தூக்கும்போதும் அவை மூடுகின்றன. மூச்சை நெஞ்சுக்குள் அடைத்து மார்புக்கூட்டை உறுதியாக்கினால்தான் தோளும் முதுகும் முழுவலிமையோடு இயங்கும். மூட்டையைத் தலைக்கு ஏற்றும் கூலியாளிடமிருந்து எழும் முனகல், மூடிய குரல்வளையிலிருந்து காற்று கசியும் ஒலி. மாட்டுங்கா மேடையில் தார ஸ்தாயியில் நிற்கும் பாடகரும் தாராவியில் தோல்கட்டைத் தூக்கும் தொழிலாளியும் ஒரே தசைகளால் ஒரே கதவை மூடுகின்றனர்.

'நாண்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1741இல் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் அந்துவான் ஃபெர்ரேன், இறந்தோரின் குரல்வளைகளில் காற்றை ஊதி ஒலியெழுப்பினார். அவ்விளிம்புகள் வயலினின் நரம்புகள்போல் அதிர்வதாகக் கருதி அவற்றுக்கு நாண் எனப் பெயரிட்டார். அவ்வுவமை பிழையானது, எனினும் பெயர் நிலைத்து, மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. உண்மையில் அவை தசையின்மேல் சளிச்சவ்வு போர்த்திய மடிப்புகள். கீழிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. மடிப்புகளின் மீள்தன்மையும் காற்றோட்டத்தின் உறிஞ்சுவிசையும் அவற்றை மீண்டும் சேர்க்கின்றன. ஆண்களின் பேச்சில் இது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை, பெண்களின் பேச்சில் ஏறத்தாழ 200 முறை நிகழ்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் நரம்பு தனித்தனியே ஆணையிடுவதில்லை என்பதை நெதர்லாந்தின் வான் டென் பெர்க் 1958இல் கோட்பாடாக நிறுவினார். ஜப்பானின் மினோரு ஹிரானோ 1974இல், உள்ளே உடல் போன்ற தசை, மேலே அதன்மீது தளர்ந்து வழுக்கும் உறை என்று அம்மடிப்பின் அடுக்குகளை விளக்கினார். அந்த உறை வீங்கினாலோ தடித்தாலோ அதிர்வு ஒழுங்கிழக்கும். குரல் கம்முவது என்பது பெரும்பாலும் இதுவே.

*கண்ணாடியில் தன் குரலைக் கண்டவர்*

உயிருள்ள மனிதரின் குரல்வளை இயங்குவதை முறையாகக் கண்டு பதிவுசெய்தவர் மருத்துவர் அல்லர், இசையாசிரியர். ஸ்பானியக் குடும்பத்தில் 1805இல் பிறந்து, பாரிஸிலும் இலண்டனிலும் பாட்டுக் கற்பித்த மனுவேல் கார்சியா, 1854இல் ஒரு பல்மருத்துவக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே செலுத்தி, தாம் பாடும்போது மடிப்புகள் சேர்ந்து பிரிவதைக் கண்டார். அடுத்த ஆண்டு அது இலண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. பாடகர்களின் சுருதி எங்கிருந்து வருகிறது என்பதே அவருடைய கேள்வி. வியன்னாவின் டுயுர்க், செர்மாக் ஆகிய மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்குள் அக்கண்ணாடியை நோய்க்கணிப்புக் கருவியாக்கினர். செர்மாக் சூரிய ஒளிக்குப் பதில் விளக்கொளியைப் பயன்படுத்தினார். 1863இல் மொரெல் மெக்கன்சி இலண்டனில் தொண்டை நோய்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார்.

கார்சியாவின் வாழ்க்கையில் மற்றொரு நிகழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. 1841இல் ஸ்வீடனிலிருந்து குரல் களைத்து நைந்த நிலையில் வந்த இளம்பாடகி ஜென்னி லிண்டிடம், சில வாரங்கள் பாடவே கூடாது என்று கூறி அனுப்பிவிட்டு, அதன் பின்னரே கார்சியா பாடம் தொடங்கினார். அவர் பின்னர் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடிய பாடகியானார். குரலுக்கு ஓய்வு தருவது இன்றும் மருத்துவர் கூறும் முதல் அறிவுரைகளுள் ஒன்று. அதைப் பின்பற்ற, ஓய்வெடுக்கும் நாள்களில் உண்பதற்கு வழியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதனுள் மறைந்திருக்கிறது.

நோயின் பக்கத்திலிருந்து வந்த அறிவு கொடியது. 1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோயாளி ஒருவரின் குரல்வளையை முழுமையாக அகற்றினார். நோயாளி பிழைத்தெழுந்தார், செயற்கைக் குரற்கருவி ஒன்றும் அவருக்குப் பொருத்தப்பட்டது. ஆயினும் சில மாதங்களில் நோய் திரும்பி அவர் இறந்தார். 1888இல் ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக் குரல்வளைப் புற்றோடு அரியணை ஏறினார். மூச்சுக்காகக் கழுத்தில் துளையிடப்பட்டிருந்ததால் ஆணைகளைத் தாளில் எழுதியே தெரிவித்தார். 99 நாள்களில் அவர் இறந்தார். அவரது நோய் புற்றா அன்றா என்று மெக்கன்சியும் ஜெர்மானிய மருத்துவர்களும் நடத்திய சண்டை இரு நாடுகளின் அரசியற்பகையாகவே மாறியது. முந்தைய ஆண்டே தோன்றிய குரல் கம்மலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே அச்சண்டையின் மையம்.

*மும்பையின் பாடகர்கள்*

குரலை ஆராயும் பொருளாகக் கண்ட இசைவாணர்கள் மும்பையிலும் இருந்தனர். 1925இல் பம்பாயில் இசைப்பள்ளி தொடங்கிய பி. ஆர். தேவதர், குரல் வளப்பயிற்சியைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்து பயின்றவர் குமார் கந்தர்வா. 1940களின் இறுதியில் குமார் கந்தர்வாவைக் காசநோய் தாக்கியது. பாடக்கூடாது என்ற மருத்துவக் கட்டளையோடு தேவாஸில் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் அவரைக் காத்தது. ஆனால் ஒரு நுரையீரல் பயனிழந்தது. பின்னர் அவர் பாடிய முறையில் குறுகிய மூச்சுக்குரிய சிறு சிறு வீச்சுகள் இசையிலக்கணமாகவே மாறின. குரலின் ஆற்றல் மிடற்றுக்குக் கீழேயிருந்து வருகிறது என்ற பிறப்பியல் கருத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் இந்திய இசையில் இதைவிடத் தெளிவான சான்று அரிது. பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழக இசை மையத்தின் இயக்குநரான அசோக் ரானடே, இசைக்கும் நாடகத்துக்கும் பொதுவான குரற்பயிற்சியை முறைப்படுத்த முயன்றார்.

தென்னிந்தியர்களின் மாட்டுங்கா அந்தக் குரலுக்கு அவையைக் கொடுத்தது. 1952இல் உருவான சண்முகானந்தா சபை 1963இல் தன் அரங்கத்தைத் திறந்தது. 1990இல் தீக்கிரையான அது 1998இல் மீண்டெழுந்தது. கிழக்கே செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் சிவசாமி அரங்கம் அதே பணியை ஆற்றிவருகிறது. ஒலிபெருக்கி வரும்முன் கர்நாடக இசைக்கலைஞர் மிடற்றின் வலிமையாலேயே அவையின் கடைசி வரிசையை எட்ட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்தபின் தாழ்ந்த சுருதியும் மெல்லிய கமகமும் ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்டன. கருவி குரல்வளையின் சுமையைக் குறைத்தது.

அரங்கத்துக்கு வெளியே அச்சுமை குறையவில்லை. இரைச்சலுக்கு நடுவே பேசுபவர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகிறார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் விளக்கினார். தகரக் கூரையின்கீழ்த் தையல் எந்திரங்களும் அரவை எந்திரங்களும் ஓடும் பட்டறையில் நாள்முழுதும் பேசுபவர், தெருவில் கூவி விற்பவர், அறுபது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் கற்பிப்பவர் ஆகியோரின் மடிப்புகள் பாடகரின் மடிப்புகளைவிடக் குறைவாக மோதுவதில்லை. மடிப்பின் நடுவே முடிச்சு விழுவதைப் 'பாடகர் முடிச்சு' என்றே நெடுநாள் அழைத்துவந்தனர். கூவி விற்பவரின் பெயர் அந்நோய்க்கு இடப்படவில்லை. குரல் ஒரு தொழிற்கருவி என்ற எண்ணம் முதலில் மேடையில் இருந்தோருக்கே பொருந்தியது என்பதை இப்பெயரே காட்டுகிறது. 1960களில் மும்பை நாயர் மருத்துவமனையிலும் மைசூரின் அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனத்திலும் பேச்சு மருத்துவக் கல்வி தொடங்கியபின்னரே, பாடாதவரின் குரலையும் சோதித்துப் பயிற்றும் வல்லுநர்கள் இந்நாட்டில் உருவாகத் தொடங்கினர்.

*பரேலில் திரண்ட சான்று*

டாடா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டது. அதன் நோய்க்கூற்றியலாளர் வி. ஆர். கானோல்கர், வாய், தொண்டைப் புற்றுகள் இந்நாட்டில் மிகுதியாக இருப்பதை மக்களின் பழக்கவழக்கங்களோடு இணைத்து ஆராயும் மரபைத் தொடங்கினார். எல். டி. சங்வி, கே. சி. ராவ் ஆகியோரோடு அவர் 1955இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு, மெல்லும் புகையிலை வாய்க்குழிப் புற்றோடும், பீடிப்புகை அதற்குக் கீழே தொண்டைப்பகுதியில் தோன்றும் புற்றோடும் தொடர்புடையன என்று பிரித்துக்காட்டியது. புகையிலை எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடம் நோயுறுகிறது என்ற உடற்கூற்று உண்மை எண்களில் வெளிப்பட்டது. 1963இல் டி. ஜே. ஜுஸ்ஸவாலாவின் முயற்சியில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் மும்பை மாநகருக்கெனப் புற்றுநோய்ப் பதிவகம் ஒன்றை நிறுவியது. ஒரு நகரத்து மக்கள்தொகை முழுவதையும் தழுவிய இந்தியாவின் முதல் பதிவகம் அது. அதன்பின் மும்பையின் தொண்டைக்கு ஆண்டுதோறும் கணக்கு உண்டு.

பீடியின் அமைப்பே தொண்டைக்குத் தீங்கானது. சிகரெட்டைவிடக் குறைந்த புகையிலையே அதில் உள்ளது. ஆனால் சுற்றிய இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் காக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க வேண்டும். அவ்வாறு இழுக்கும் ஒவ்வொரு முறையும் புகை மிடற்றைக் கடந்தே நெஞ்சை அடைகிறது.

தமிழ்ச் சமூக வரலாற்றுக்கு இது அயலான செய்தி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினர். அதே சீமையில், இன்றைய திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில், பெண்கள் திண்ணையில் அமர்ந்து மடியில் சுளகோடு பீடி சுற்றுவது குடும்பத்தின் நிலையான வருவாயாயிற்று. ஒரே நிலத்திலிருந்து ஆண்களின் உழைப்பும் பெண்களின் கைச்சுற்றும் வெவ்வேறு வழிகளில் நகரங்களுக்குச் சென்றன. ஊரில் சுற்றும் கைகள் புகையிலைத் தூசியைச் சுவாசித்தன. நகரத்தில் புகைத்த மிடறுகள் பரேலின் பதிவேட்டில் ஏறின. புலம்பெயர்வின் வரலாற்றை ஊதியத்தாலும் வசிப்பிடத்தாலும் எழுதுவோர், உடலின் இப்பதிவையும் ஆவணமாகக் கருத வேண்டும்.

*கம்மல் என்னும் சான்று*

குரல்வளைப் புற்றுகளுள் குரல் மடிப்பிலேயே தோன்றும் வகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது தன்னைத் தானே அறிவித்துவிடும். மடிப்பின் விளிம்பில் மிகச் சிறு தடிப்பு உண்டானாலும் அதிர்வு கெட்டுக் குரல் கம்மும். மடிப்பில் நிணநீர் நாளங்கள் குறைவு என்பதால் நோய் விரைந்து பரவுவதுமில்லை. ஆகவே அந்நிலையில் கண்டறியப்பட்டால் கதிர்வீச்சாலோ சிறு அறுவையாலோ பெரும்பாலோர் குணமடைகின்றனர், குரலும் எஞ்சுகிறது. மடிப்புக்குப் புறத்தே, கீழ்த்தொண்டையில் தோன்றும் புற்று இவ்வாறு எச்சரிப்பதில்லை. விழுங்கும்போது உறுத்தல், காதுவலி, கழுத்தில் கட்டி என்று அது வெளிப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

கம்மலுக்குக் காரணம் மிடற்றுக்கு வெளியேயும் இருக்கலாம். குரல்வளையை இயக்கும் நரம்புகளுள் இடப்பக்கத்தது மூளையிலிருந்து இறங்கி, நெஞ்சுக்குள் புகுந்து, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. பன்றியின் கழுத்தில் இந்நரம்பை அறுத்தால் அதன் அலறல் நின்றுவிடுவதை உரோமாபுரி மக்கள் முன் கேலன் செய்துகாட்டினார். நுரையீரலில் கட்டியோ, நிணநீர்க்கணு வீக்கமோ, தமனிப் புடைப்போ இந்நரம்பை அழுத்தினால், குரல்வளையில் எக்குறையும் இல்லாமலே குரல் போய்விடும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்கு முந்தைய காலத்தில் காசநோய் குரல்வளையையே அரித்ததும் உண்டு. நெஞ்சையும் மிடற்றையும் ஒரே சங்கிலியில் வைத்த பழைய இலக்கணத்துக்கு மருத்துவம் தரும் எதிர்பாராத துணை இது.

மூன்று வாரங்களுக்குமேல் நீடிக்கும் கம்மலைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. பாடகருக்கு மூன்று வாரம் தேவையில்லை. ஒரு சுரம் பிசகினால் மறுநாளே அவர் மருத்துவரைத் தேடுவார். பட்டறைத் தொழிலாளிக்கோ கம்மல் நோயாகவே தோன்றாது. தூசி, பனி, சளி, நேற்றைய கூச்சல் என்று அதற்கு எப்போதும் ஒரு விளக்கம் இருக்கிறது. மருத்துவமனைக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். நோய் ஒன்றே, உறுப்பு ஒன்றே. கம்மலைக் கேட்கும் செவி வேறுபடுகிறது. ஆரம்பநிலைக் குணத்துக்கும் குரல்வளை அகற்றத்துக்கும் இடையிலான தொலைவு பல நேரங்களில் இந்தச் சில மாதங்களே.

கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைப்பதும் ஓர் அரசியல் வரலாறே. டாடா நினைவு மருத்துவமனை 1962இல் அணுசக்தித் துறையின்கீழ் வந்தது. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், இறக்குமதிக் கருவிகளைவிடக் குறைந்த செலவில் பாபாட்ரான் என்னும் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியைப் பின்னாளில் உருவாக்கியது. பெருநகரங்களுக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளுக்கும் அது சென்றது. குரல்வளையை அறுக்காமல் காக்கும் வாய்ப்பு, கருவி இருக்கும் ஊரில் மட்டுமே உண்டு.

*குரல்வளைக்குப் பின்*

குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டபின் மூச்சுக்குழல் கழுத்தின் முன் துளையோடு இணைக்கப்படுகிறது. மூச்சு மூக்கையும் வாயையும் விட்டு விலகுகிறது. மணம் நுகரும் ஆற்றல் பெரிதும் குறைகிறது. பேச்சுக்கு மூன்று வழிகள் எஞ்சுகின்றன: உணவுக்குழலுக்குள் காற்றை விழுங்கி ஏப்பம்போல் ஒலியாக்குதல், கழுத்தில் வைக்கும் மின்கருவி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே பொருத்தும் சிறு அடைப்பிதழ். அமெரிக்காவின் சிங்கரும் புளோமும் 1980இல் விளக்கிய மூன்றாம் வழி, நுரையீரலின் காற்றையே மீண்டும் பேச்சுக்குத் தருவதால் மிக இயல்பான குரலை அளிக்கிறது. ஆனால் அவ்வடைப்பிதழை அவ்வப்போது மாற்ற வேண்டும். இறக்குமதிக் கருவியின் விலை கூலித்தொழிலாளியின் கைக்கு எட்டாது. பெங்களூருவின் புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ், ஏறத்தாழ 50 ரூபாய் விலையில் 'ஓம்' என்ற அடைப்பிதழை உருவாக்கியதன் முக்கியத்துவம் அங்கேதான் உள்ளது.

பேச்சு திரும்பினாலும் மற்றோர் இழப்பு அரிதாகவே பேசப்படுகிறது. கதவு போய்விட்டதால் மூச்சை அடைத்து நெஞ்சை இறுக்க முடியாது. பாரம் தூக்குவது கடினமாகிறது. எழுத்துவேலை செய்பவருக்குக் குரல்வளை அகற்றம் பேச்சின் இழப்பு. சுமைதூக்குபவருக்கு அது தொழிலின் இழப்பும் ஆகும். குரல்வளை குரலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணும் மறுவாழ்வுத் திட்டம் இவரைக் காணத் தவறும்.

மாறிய குரலை ஒரு சமூகம் ஏற்றுக்கொள்ளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெருஞ்சான்று உண்டு. 1967 ஜனவரி 12 அன்று துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தபின் எம்.ஜி.ஆரின் பேச்சு முன்போல் இல்லை. கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த அவருடைய படமே அவ்வாண்டுத் தேர்தலில் வீதிகளில் ஒட்டப்பட்டது, அவர் வென்றார். தெளிவு குன்றிய அக்குரலைத் திரையிலும் மேடையிலும் மக்கள் இருபதாண்டுகள் உவந்து கேட்டனர். தாராவியின் தமிழ்த்தெருக்களும் அவற்றுள் அடங்கும். கேட்க விரும்பும் செவிகள் இருந்தால் குரலின் குறை தடையாவதில்லை. அந்தப் பரிவைப் பெயரறியாத தொழிலாளியின் கம்மிய குரலுக்கும் நீட்டுவதே எஞ்சிய பணி.

2000களின் பிற்பகுதியில் பரேலின் தலை கழுத்து அறுவை மருத்துவர் பங்கஜ் சதுர்வேதி முன்னின்று தொடங்கிய இயக்கம், புகையிலையால் பாதிக்கப்பட்டோரையே அமைச்சர்கள் முன்னும் ஊடகங்கள் முன்னும் பேசவைத்தது. 'புகையிலைப் பலியானோரின் குரல்' என்பது அதன் பெயர். மகாராட்டிரம் 2012இல் குட்காவைத் தடைசெய்ததில் அத்தகைய சாட்சியங்களுக்குப் பங்குண்டு. கண்ணாடியால் தொண்டைக்குள் பார்த்த கார்சியாவின் காலத்திலிருந்து இன்றைய நெளிகுழல் காமிராவரை குரல்வளையைக் காணும் கருவிகள் வளர்ந்துள்ளன. ஆயினும் முதல் நோய்க்கணிப்பு இன்றும் கருவியில்லாமலேயே நிகழ்கிறது: வெளியே வந்து செவியில் விழும் ஒலி மாறியிருப்பதை வீட்டிலோ பட்டறையிலோ ஒருவர் கவனிக்கிறார். தொல்காப்பியர் தம் ஆய்வுக்கு எல்லையாக வகுத்துக்கொண்டது அந்த ஒலியையே. சயானிலிருந்து பரேல் மூன்றாவது நிலையம்; அத்தொலைவைக் கம்மல் தோன்றிய மாதத்திலேயே ஒரு தொழிலாளி கடப்பாரா, மூச்சு முட்டும் நாளில் கடப்பாரா என்பது அவர் அருகில் இருப்போர் அவ்வொலியைப் பொருட்படுத்துவதில் தொடங்குகிறது.